ராத்திரி ஒரு மணிக்குச் சுக்கு காப்பி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். தென்காசியிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். சாரல் ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்கு ஆள் வருவது இந்த ஊரில் எல்லாருக்கும் உள்ளதுதான். எனக்கு அதில் சடவு கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

என் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரரின் சின்னையா மகன், சென்னையில் இருக்கிறார். நாலு வருஷமாக ஆடி பிறந்ததும் வந்துவிடுகிறார். "ரெண்டு நாள்தான் மதினி" என்பார். போன வருஷம் பதினொரு நாள் ஆனது. அவர், அவர் சம்சாரம், ரெண்டு பிள்ளைகள், கூடவே ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேர். எங்கள் வீட்டில் ரெண்டு அறை, ஒரு குளியலறை. மகளின் அறையை அவர்களுக்கு விட்டோம். அவள் மச்சுப்படியில் உட்கார்ந்து படித்தாள். கூட்டம் குறைவாக இருக்கும் என்று ராத்திரி பத்து மணிக்கு மேல் குற்றாலம் அருவிக்குப் போவார்கள். ஒரு மணிக்கு எண்ணெயும் தண்ணீருமாக வந்து நிற்பார்கள். "மதினி, சூடா ஒரு சுக்கு காப்பி" என்பார் கொழுந்தன். தலையணை உறை எல்லாம் எண்ணெய். ஈர ஜீன்ஸ் சாரலில் மூன்று நாள் ஆனாலும் காயாது, வீடு முழுக்க மக்கின வாடை. வெள்ளம் என்று அருவியில் தடை போட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க டிவி முன்னால்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ சென்னையில அவன் வீட்டுல எட்டு நாள் கிடந்தோமே, மறந்துட்டியா?" என்கிறார். அத்தை, "வந்தவங்ககிட்ட முகத்தைக் காட்டாதே" என்கிறார்கள். கொழுந்தன் சம்சாரம் நல்ல பெண். அடுக்களைக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, "அக்கா, நான் சொன்னா இவங்க கேக்க மாட்டாங்க" என்பாள்.

இந்த வருஷம் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நேற்றுப் போன் வந்தது. ஆடி முதல் வாரம் வருகிறார்களாம். அப்போதிருந்து சாப்பாடு இறங்கவில்லை. விருந்தாளியை வெறுக்கிற பொம்பளை ஆகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? என் வீட்டுக்காரரும் நீங்கள் எழுதுவதைப் படிப்பார்.

ஒரு வாசகி, தென்காசி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பதினொரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து சுக்குத் தட்டினால் யாருக்கும் அசதி வரும். அசதி முற்றினால் பார்க்க வெறுப்பு மாதிரிதான் இருக்கும். இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால், அதே கொழுந்தனுக்கு நீங்களே கூப்பிட்டு ஒரு அடை சுட்டுப் போடுவீர்கள். உங்கள் கடிதத்தில் அது தெரிகிறது.

தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்களுக்கு அது நெல்லைச் சீமைதான். சீசன் வந்தால் உங்கள் ஊர்க்காரர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக அந்த ஈரக்காற்று வரத் தொடங்கினால் ஆகஸ்ட் முடிய விடாது. ஊருக்கெல்லாம் அது குளிர்ச்சி. கொடியில் ஏழு பேர் துணியைக் காயப்போட வேண்டியவருக்கு அது வேறு விஷயம்.

விருந்தாளிக்கென்று நம் பக்கத்து வீடுகளில் முன்பு இடமே உண்டு. நான் பிறந்த அம்பாசமுத்திரம் வீட்டில் தெருத் திண்ணை, அடுத்து தார்சா என்கிற முன்கட்டு, அப்புறம் பட்டாசல் என்கிற கூடம், அதற்கும் பின்னால்தான் அடுக்களை, புறவாசல். வந்தவர்கள் தார்சாவில் படுத்துக்கொள்வார்கள். குளிக்கத் தாமிரபரணி இருந்தது. துவைக்கப் படித்துறைக் கல் இருந்தது. பத்து பேர் வந்தாலும் குளிப்பதற்கென்று வீட்டுத் தண்ணீர் ஒரு வாளி செலவாகாது. அடுக்களையில் ஆச்சி, அம்மா, சித்தி, அத்தை என்று நாலு பேர் இருப்பார்கள். அந்த வீட்டுக்கென்று ஏற்பட்ட வழக்கத்தை, ரெண்டு அறையும் ஒரு குளியலறையும் உள்ள வீட்டில், ஒற்றை ஆளாக நீங்கள் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

அத்தனை வசதி இருந்தும் எங்கள் ஆச்சி வந்தவர்களைச் சும்மா உட்கார விடமாட்டாள். கோர்ட்டு வாய்தாவுக்கு என்று வந்து பத்து நாள் தங்குகிற மாமா ஒருவர் உண்டு. குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை ஊஞ்சல் மேல் போடுவார். அம்மா அதை எடுத்து எடுத்துக் காயப்போட்டு, உள்ளே போய் முணுமுணுப்பாள். ஆச்சி ஒரு நாள் பார்த்தாள். மறுநாள் காலையில் அவர் ஆற்றுக்குக் கிளம்பும்போது, "ஏ தம்பி, ஆத்துக்குத்தானே போற, இந்தத் துண்டையும் ரெண்டு வேட்டியையும் கல்லுல அடிச்சு அலசிட்டு வந்திரு. வாரப்போ ஒரு குடம் தண்ணியும் கொண்டாந்திரு" என்றாள். சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. மாமா குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். நாலாவது நாள் யாரும் சொல்லாமலே குடத்தை எடுத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாய்தாவுக்கும் வந்தார்.

உங்கள் அத்தை 'முகத்தைக் காட்டாதே' என்று சொல்வது வள்ளுவர் சொன்னதுதான். 'மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து.' எல்லாரும் மேற்கோள் காட்டுகிற குறள். நான் அதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். முகம் மாறக்கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. வாயைத் திறக்கக்கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது? வாயால் சொல்லாததை எத்தனை நாளைக்கு முகம் மறைக்கும்? நாலாம் நாள் டம்ளரை வைக்கிற சத்தத்தில் வந்துவிடும். ஐந்தாம் நாள் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிற குரலில் வந்துவிடும். கொழுந்தன் சம்சாரம் அடுக்களைக்கு வந்து வெங்காயம் உரிக்கிறாளே, ஏன்? உங்கள் முகத்தை அவள் எப்போதோ படித்துவிட்டாள். சங்கடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெண் உங்கள் வீட்டில் பதினொரு நாளும் குழைந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அதனால்தான் சொல்கிறேன், முகம் மாறுவதற்கு முன்னால் வாயால் சொல்லிவிடுங்கள். ஆச்சி செய்தது அதுதான்.

ஆனால் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை. இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இருபது வருஷம் இருக்கும். பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். என் அத்தை மகன் ஒருவர், எனக்கு அத்தான் முறை, ஒரு வேலையாக வந்து பத்தொன்பது நாள் தங்கினார். எனக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி பதினொரு மணிவரை பட்டாசலில் உட்கார்ந்து பழைய கதை பேசுவோம். நடுவில் ரெண்டு தடவை உள்ளே பார்த்துக் 'காப்பி' என்று குரல் கொடுப்பேன். காப்பி வரும். ஒரு நாள் அவர் படுத்த பிறகு தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். விளக்கு இல்லை. ஆட்டுரல் பக்கத்தில் தரையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுவிட்சைத் தேடிக் கையை நீட்டினேன். "போடாதீங்க" என்றாள். "ஏன்?" என்றேன். "லைட்டு எரிஞ்சா முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சிரும். காப்பி கேப்பீங்க."

அவர் என்றுகூடச் சொல்லவில்லை, நீங்கள் என்றுதான் சொன்னாள். தட்டில் மோர்ச் சோறும் நார்த்தங்காயும் இருந்தன. அன்றைக்கு மத்தியானம் சொதி வைத்திருந்தாள். ரெண்டு தேங்காய் துருவி, முதல் பால் ரெண்டாம் பால் என்று பிழிந்து வைத்தது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று அத்தானுக்கு ஊற்றியது நான். சட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. விருந்தோம்பல் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது முழுக்க அவள் முதுகில் நடந்தது. என்னால் அன்றைக்குத் தூங்க முடியவில்லை.

காலையில் அத்தானை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். "அத்தான், அவளுக்கு முடியல. நீங்க இருக்கிறது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இந்த வாரத்தோட வேலைய முடிச்சிக்கிடுங்க. அதுவரைக்கும் ராத்திரிச் சாப்பாடு நாம வெளியில பாத்துக்கிடுவோம்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான். புதன்கிழமை ஊருக்குப் போனார். இன்றைக்கும் வருகிறார், போகிறார்.

சரி, அந்த எட்டு நாள் கடனுக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் தள்ளமாட்டேன். ஆஸ்பத்திரிச் சமயத்தில் வீட்டைத் திறந்துவிட்டவர்களை மறக்கக்கூடாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த எட்டு நாளும் சென்னையில் கஞ்சி வைத்தது யார்? பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தது யார்? அத்தையின் சேலையைத் துவைத்தது யார்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இருந்தாலும், வெங்காயம் உரிக்க வருகிற அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கடன் அவளுக்குத்தான். அவள் தென்காசிக்கு வந்தால் ஒரு நாளாவது அடுக்களைப் பக்கம் வராமல் அருவியில் நின்று குளித்துவிட்டு வரட்டும். நீங்களும் கூடப் போங்கள். அன்றைக்குச் சமையலை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் கடையில் வாங்கிக்கொள்ளட்டும். அந்தக் கடனை கொழுந்தனின் ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேர் வந்து வசூலிப்பதில் ஒரு நியாயமும் இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பொய் சொல்லாதீர்கள். 'அந்த வாரம் நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம்', 'வீட்டில் பெயிண்ட் அடிக்கிறோம்' என்றெல்லாம் சொல்லத் தோன்றும். நம் ஊரில் பொய் நமக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் உண்மையான காரணத்தைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை.

தம்பி, உங்கள் சின்னையா மகனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் போடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் அது விரட்டுவது. இப்போது சொன்னால் ஏற்பாடு. ரயில் முன்பதிவும் முன்பு போல 120 நாள் கிடையாது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். ஆடி முதல் வாரத்துக்கு இப்போதுதான் டிக்கெட் எடுக்கப் பார்ப்பார்கள். வருகிற டிக்கெட்டோடு திரும்பிப் போகிற டிக்கெட்டையும் எடுக்கச் சொல்லுங்கள். "எந்த நாள் பொதிகையில திரும்புற? சொல்லு, நானே ஸ்டேஷன்ல வந்து ஏத்தி விடுதேன்" என்று கேளுங்கள். மூன்று நாள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் 'ரெண்டு நாள்' என்றுதான் வரும். அது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். "பிள்ளை பன்னிரண்டாவது, அவ ரூமைத் தர முடியாது. நாம எல்லாரும் பட்டாசல்ல பாய் விரிச்சுப் படுத்துக்கிடுவோம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் வாங்க. உன் சிநேகிதங்களுக்குக் குற்றாலத்துல ரூம் பாத்துத் தாரேன்." இதில் எந்த வார்த்தை மனதைப் புண்படுத்துகிறது? நான் பல தடவை படித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ராத்திரி அருவிக்குப் போகிறவர்கள் சாப்பாட்டைச் செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவோடு முடித்துக்கொண்டு வரட்டும். சீசனுக்கு வந்தவர்களுக்கு அது ஒரு தண்டனை கிடையாது. ஈரத்துணிக்குப் புறவாசலில் தனியாக ஒரு கொடி கட்டுங்கள். "எண்ணெய் தேய்த்தவங்களுக்குப் பழைய துண்டு இங்கே இருக்கு, தலையணை மேல இதை விரிச்சுக்கோங்க" என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். உங்கள் மனைவி அதைச் சொன்னால் குறை சொல்வது போல் ஆகிவிடும். நீங்கள் சொன்னால் அண்ணன் சொன்னது.

சுக்கு காப்பி வேண்டும்தான். அருவியில் நனைந்து வருகிறவனுக்கு அது இல்லாமல் எப்படி? ஒன்பதரைக்குப் போட்டு, பெரிய பிளாஸ்க்கில் ஊற்றி, டம்ளர்களோடு மேசையில் வைத்துவிடுங்கள். நீங்கள் போடுங்கள். சுக்கு, மல்லி, ரெண்டு மிளகு, கருப்பட்டி. எவ்வளவு என்று உங்கள் மனைவியிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.