பூட்டிக் கிடக்கும் ஸ்டேஷன்கள்: பழைய ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்கள்

வில்லியனூர் அன்பர்: எங்கள் ரயில் பாதை பிரெஞ்சுக்காரர் போட்டதுதானே?

1879இல் திறந்த விழுப்புரம்–புதுச்சேரி பாதை பிரெஞ்சு மண்ணில் போய் முடிந்தது, அவ்வளவுதான். அதில் வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே என்ற ஆங்கிலேயக் கம்பெனி.

பண்ருட்டி அன்பர்: பக்கத்துக் கிராமத்தில் பூட்டிக் கிடக்கிற ஸ்டேஷனின் கதவு பிளாட்பாரத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது. கட்டடம் புதைந்துவிட்டதா?

நல்ல கண் உங்களுக்கு. கட்டடம் புதையவில்லை, பிளாட்பாரம்தான் ஏறிவிட்டது. ஒரு மீட்டர் அகலத் தடமான மீட்டர் கேஜ் காலத்தில் கிராமத்துப் பிளாட்பாரம் கிட்டத்தட்டத் தண்டவாள மட்டத்தில் இருக்கும். பெட்டியின் படியைப் பிடித்துத் தொத்தி ஏறுவோம். விழுப்புரம்–மயிலாடுதுறை தடம் அகலப்பாதையாகி 2010இல் மறுபடி திறந்தது. பிளாட்பாரங்களை உயர்த்தியதெல்லாம் அப்படி வந்த மாற்றம்.

ஏன் பூட்டினார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒற்றைத் தடத்தில் ஒரு வண்டி லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் இருக்கும் பக்கத் தடத்தில், ஒதுங்கினால்தான் எதிர்வண்டி போக முடியும். அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம் என்று டிரைவருக்குத் தரும் அத்தாட்சிதான் டோக்கன். அதை வளையத்தில் கோத்து ஓடும் எஞ்சினுக்கு நீட்டுவேன்; தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. லூப்பை எடுத்துவிட்டால் மாஸ்டருக்கு அங்கே வேலையில்லை. ஸ்டேஷன் ஹால்ட் ஆகும், அதாவது வண்டி நின்று போகும் வெறும் நிறுத்தம்; டிக்கெட் கமிஷன் ஏஜெண்ட் கைக்குப் போகும். பாதை மாற்ற மூடிய காலத்தில் சனம் பஸ்ஸுக்குப் பழகிவிட்டது. அப்புறம் யார் திரும்பி வருவார்?

போட்டோ எடுக்கப் போனால் தண்டவாளத்தில் நடக்காதீர்கள். மின்சார எஞ்சின் சத்தம் காட்டாமல் வந்துவிடும்.

நெல்லிக்குப்பம் அன்பர்: எங்கள் ஊர் ஸ்டேஷனும் பிரெஞ்சுக்காரர் கட்டியதா?

நெல்லிக்குப்பத்தில் அவர்களுக்கு என்ன வேலை?

பாகூர் அன்பர்: பூட்டை நெம்பி உள்ளே பார்க்கலாமா?

கூடாது. அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவு. சட்டத்தை விடுங்கள், பாம்பு கிடக்கும். தண்டவாளத்திலும் நடக்காதீர்கள்.

முதுநகர் அன்பர்: உண்மையான கடலூர் ஸ்டேஷன் ஓ.டி.தானே?

ஆரம்பித்துவிட்டீர்களா! முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் எல்லாம் கடலூரின் பகுதிகள்தான், ஆனாலும் இந்தச் சண்டை ஓயாது. ஆமாம். ஓல்டு டவுன் என்று பழைய பெயரே சொல்கிறது. துறைமுகம் அங்கே, விருத்தாசலம் லைன் பிரிவதும் அங்கேதான்.

திருப்பாதிரிப்புலியூர் அன்பர்: ஐயா, பஸ் ஸ்டாண்டு எங்கள் பக்கம். கூட்டமும் எங்களிடம்தான்.

கூட்டம் வருவதால் ஜங்ஷன் ஆகிவிடுமா?

மஞ்சக்குப்பம் அன்பர்: கலெக்டர் ஆபீஸ் எங்களிடம் இருக்கிறதே?

உங்களுக்கு ஸ்டேஷனே இல்லை. உட்காருங்கள்.

திண்டிவனம் அன்பர்: புதுச்சேரி பாதை பிரெஞ்சுக்காரர்...

மேலே போய் முதல் பதிலைப் படியுங்கள். முதுநகர்க்காரர் இன்னும் இருக்கிறாரா? பதில் பாக்கியிருக்கிறது.