விடியற்காலையில் துணி துவைக்கிறவன்

அன்புள்ள அக்கா,

கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கிற வேலை எனக்கு. ஆறு மாதம் முன்பு மகள் வயசுக்கு வந்தாள், சடங்கு வைத்தோம். அதிலிருந்து எட்டாவது படிக்கிற அவள் அண்ணன் ஒரே அதட்டல். துப்பட்டா போடு, பஸ் ஸ்டாப்பில் நிற்காதே, யாரிடம் பேசினாய். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாதவன், சில நாள் விடியற்காலையில் எழுந்து டவுசரையும் போர்வையையும் தானே துவைக்கிறான், இந்த டிசம்பர் குளிரில்! கேட்டால் எரிந்து விழுகிறான். அவங்க அப்பா, 'ஆம்பளப் பையன், விடு' என்கிறார். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் துணி. தூக்கத்தில் விந்து வெளியேறுவது அந்த வயதில் இயல்பு. நோயில்லை, தப்பில்லை, உடம்பும் பலவீனமாகாது. இதை அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடமே இருக்கிறது, ஆனால் அதை 'வீட்டில் படிச்சுக்குங்க' என்று தாண்டிப்போகிற வாத்தியார்களும் இருக்கிறார்கள். அப்புறம் மிஞ்சுவது செல்போனும் கூட்டாளிகளும், 'ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தம்' என்று பயமுறுத்தி லாட்ஜில் ரூம் போட்டு மருந்து விற்கிற வைத்தியர்களும்தான்.

அதட்டலும் துவைப்பதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. சடங்கன்று யாராவது ஒரு மாமா, 'இனிமே நீதான்டா தங்கச்சியப் பாத்துக்கணும்' என்று சொல்லியிருப்பார். அவளுக்கு நலங்கு, உளுந்தங்களி, அரைகுறையாகவாவது அத்தைமார் சொன்ன விளக்கம். அவனுக்குக் காவல் வேலை மட்டும். தன் உடம்பைப் பார்த்துப் பயந்தாலும் கேட்க முடியாது, ஆம்பளப் பையனாச்சே.

உலக சுகாதார நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 15 நாடுகளில், இந்தியாவிலும்தான், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பேசி 2017இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான்: பெண் பலவீனமானவள், பொத்திக் காக்கணும், ஆண் பலசாலி, அவனே பார்த்துக்கொள்வான். காட்டெருமை நிற்கிற பாதையில் இருட்டினபிறகு கடைக்குப் பையனை மட்டும் அனுப்புகிறோமே, அதே கணக்கு. காட்டெருமைக்கு ஆணென்ன, பெண்ணென்ன.

அப்பா பேசினால் நல்லது. மாட்டேன் என்றால் நீங்களே பேசுங்கள். முகம் பார்க்கக் கூச்சமாக இருந்தால் ரெண்டு பேரும் பட்டாணி உரிக்கும்போது பேசலாம், நாலு வார்த்தை போதும். தங்கச்சிக்கு மாதாமாதம் என்ன நடக்கிறது என்பதையும் அதோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள், தெரியாததால்தான் அதட்டுகிறான். சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கேட்கலாம். தட்டுக் கழுவுவதைப் பற்றியும் பேசுங்கள், ஆனால் இந்தத் துணியைச் சொல்லிக்காட்டி வேண்டாம்.

இன்றைக்கே ஒரு மாற்றுப் போர்வை அவன் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இந்தப் பனியில் துவைத்தது காய மூணு நாளாகும், அதுவரை எதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறானோ.