சகோதரி சுப்புலட்சுமியின் சமரசம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சகோதரி சுப்புலட்சுமி பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். அவரைப் புரட்சியாளர் என்றீர்கள். ஆனால் அவர் நடத்திய விடுதியில் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டும்தான் இடம். உள்ளே ஆசாரமும் உண்டு. ஒரு சாதி தன் வீட்டுப் பெண்களைக் கவனித்துக்கொண்டதை எப்படிச் சீர்திருத்தம் என்பது?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

நீங்கள் சொல்வது உண்மை. அதை உரையில் விட்டது என் பிழை. 'புரட்சியாளர்' என்பது மேடை வேகத்தில் வந்த சொல், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் சமரசக்காரர். எனக்கு அவர்மேல் ஆர்வம் வந்ததே அதனால்தான்.

1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினொரு வயதில் திருமணம், வெகு சீக்கிரமே கைம்மை. தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்காரவைக்காமல் படிக்கவைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே எழும்பூரில் ஒரு வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிறுமிகளோடு விடுதி. தானும் கைம்பெண்ணான சித்தி வாலாம்பாள் துணை. பிற்பாடுதான் கடற்கரை ஐஸ் ஹவுஸ். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பாதுகாத்த கட்டடம் அது.

அன்றைய சிக்கலைப் பாருங்கள். வளர்ந்த பெண்ணை ஆண் வாத்தியாரிடம் அனுப்ப மாட்டார்கள். பெண் வாத்தியாரோ இல்லை, ஏனென்றால் பெண்களைப் படிக்கவைக்கவில்லை. இந்த முடிச்சைக் குடும்பங்கள் ஆகாதவள் என்று ஒதுக்கிய பெண்ணைக் கொண்டே அவிழ்க்கப் பார்த்தார். கல்வித்துறை ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்ச் கைகொடுத்தார். ஆனால் அக்கிரகாரத்துத் தகப்பன் பன்னிரண்டு வயது மகளை அனுப்ப வேண்டுமே! சமையலறையில் மடி, அதாவது தீட்டுப் பார்க்கும் ஆசாரச் சுத்தம், தவறாது என்று உறுதியானால்தான் அனுப்புவான். சுப்புலட்சுமி மடியைக் கொடுத்துப் பெண்ணை வாங்கினார். அந்தப் பெண்கள் 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரிக்குக் கடற்கரையோரமாக நடந்தே போக முடிந்தது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது சுப்புலட்சுமியே அதன் முதல்வர். ஊருக்குப் பாரமாக இருந்தவள் சம்பளம் வாங்கும் ஆசிரியை ஆனாள். இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தப் பேரத்துக்கு விலை கொடுத்தவர் அவர் அல்ல. கதவுக்கு வெளியே நின்ற மற்றச் சாதிக் கைம்பெண்கள். இங்கே உங்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். 1930இல் தேவதாசிக் குலச் சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தபோது, முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். ஆதரவற்ற பெண்களுக்கான ஔவை இல்லம் பிறந்தது அப்படித்தான். அந்தத் துணிச்சல் சுப்புலட்சுமியின் விடுதியில் இல்லை. 1954இல் தாம்பரம் பக்கம் மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நலமையம் தொடங்கும்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. அதைக் காட்டி முந்தையதைக் கழித்துவிட மாட்டேன்.

உரையை எழுத்தாக்கி வருகிறேன். உங்கள் கேள்வியை அதில் முதல் பத்தியிலேயே வைக்கிறேன்.