உள்ளே போவது ஒளி, வெளியே வருவது ஒலி

கேள்வி: டார்ச் லைட்டை விரலில் அழுத்திப் பிடித்தால் விரல் சிவப்பாகத் தெரிகிறது. ஒளி உடம்புக்குள் போகிறதென்றால் அதை வைத்தே ஸ்கேன் எடுக்கலாமே? ஒளியும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்த ஸ்கேன் வந்திருக்கிறதாமே, உண்மையா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்மைதான். அந்தச் சிவப்பை இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள், உள்ளே இருக்கும் எலும்பின் உருவம்கூடத் தெரியாது. ஒளி உள்ளே போகிறது, ஆனால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தாண்டியதுமே கண்டபடி சிதறி, எங்கிருந்து வந்தது என்கிற தடயமே இல்லாமல் போய்விடுகிறது. திசுவுக்குள் ஒலி சிதறுவது அதைவிட சுமார் ஆயிரம் மடங்கு குறைவு. அதனால் ஒளியை அனுப்பி ஒலியை வாங்குகிறார்கள்.

லேசர் ஒளியைச் சில நானோ வினாடிகள் மட்டும் அடிக்க, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதை உறிஞ்சி, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சூடேறி, சட்டென்று விரிகிறது. அந்த விரிவுதான் அல்ட்ராசவுண்ட் அலையாகக் கிளம்பி வருகிறது. மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து தோலுக்கு வந்து சேர அதற்கு ஏறக்குறைய 20 மைக்ரோ வினாடி. அந்த நேரத்தை வைத்தே ரத்தக்குழாய் எங்கே இருக்கிறதென்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும். விட்டுவிட்டு விழும் வெயிலில் பொருள்கள் ஒலி எழுப்புவதை டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் 1880-லேயே கண்டுவிட்டார். ஆனால் விஞ்ஞானி லிஹாங் வாங் குழுவினர் எலியின் மண்டையைத் திறக்காமலே அதன் மூளை ரத்தக்குழாய்களை இப்படிப் படமெடுத்தது 2003-ல்தான்.

எனக்கு இதில் பெரிதாகப்படுவது வேறு. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இறங்கிய ரத்தமும் வெவ்வேறு அலைநீள ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன, அதனால் கட்டி எவ்வளவு பெரியது என்பதோடு அதற்கு ரத்தம் எப்படிப் போகிறது, ஆக்சிஜன் எவ்வளவு என்பதும் தெரியும், சாதாரண அல்ட்ராசவுண்டில் இந்த ஆக்சிஜன் கணக்கு கிடைக்காது. மார்பகக் கட்டிகளைப் பார்க்க இப்படியொரு கருவிக்கு அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-ல் அனுமதி கொடுத்தது. அதற்காக, டாக்டர் இப்போது எழுதிக் கொடுத்த மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) தள்ளிப்போடாதீர்கள்.

குறைகளும் உண்டு. சில சென்டிமீட்டருக்குக் கீழே ஒளி எட்டாது, காற்று நிறைந்த நுரையீரலுக்கு இது சரிப்படாது. அப்புறம், தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும், கறுத்த தோலில் உள்ளே போகும் ஒளி குறையும். வெள்ளைத் தோலில் மட்டும் சோதித்த கருவியை நம் பெண்களிடம் அப்படியே கொண்டுவரக் கூடாது, நம் நிறத்திலும் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேள்வி: லேசர் என்றால் தோல் சுட்டுவிடாதா?
- வாசகர், தென்காசி

பதில்: சுடாது. ஒளியை அகலமாகப் பரப்பி, தோலுக்கென வகுத்த பாதுகாப்பு வரம்புக்குள்தான் அடிப்பார்கள். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் இதில் கிடையாது. கண்ணுக்கு மட்டும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் போட வேண்டும்.