சீரியல்ல நடிக்கிறேன், நாடகம் எழுதலாமா?

கேள்வி: சீரியல்ல சின்ன சின்ன ரோல் பண்ணிட்டு இருக்கேன். மேடை நாடகம் எழுதணும்னு ரொம்ப ஆசை, ஆனா "நடிக்கிற வேலைய மட்டும் பாரு"ங்கறாங்க. டிவில இருந்து வந்து நாடகாசிரியரா ஜெயிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா?
– ஒரு வாசகி

பதில்: இருக்காங்கம்மா. எனக்கு சட்டுனு ஞாபகம் வர்றவர் லண்டன்காரர் க்வாமே க்வெய்-ஆர்மா. 1967ல பிறந்தவர், பெத்தவங்க கிரெனடா தீவுல இருந்து வந்து குடியேறினவங்க. வீட்ல வச்ச பேரு இயன் ராபர்ட்ஸ், அடிமைகளா கொண்டுபோகப்பட்ட தன் முன்னோர்களோட பூர்வீகத்த தேடி அது கானாவுல போய் நிக்கவும், பேரையே மாத்திக்கிட்டார். பிபிசில 'கேஷுவல்டி'ன்னு ஒரு ஆஸ்பத்திரி சீரியல், அதுல 1999ல இருந்து 2004 வரைக்கும் ஃபின்லேங்கற பாராமெடிக்கா, அதாவது ஆம்புலன்ஸ்ல வந்து முதலுதவி பண்றவரா வந்தது இவர்தான்.

அந்த சீரியல்ல இருந்துகிட்டேதான் எழுதவும் செஞ்சார், உங்க விஷயத்துல இதான் முக்கியம். 2003ல லண்டன் நேஷனல் தியேட்டர் இவரோட 'எல்மினாஸ் கிச்சன்' நாடகத்த மேடையேத்துச்சு. லண்டன்ல ஹாக்னிங்கற ஏரியாவுல சின்னதா ஒரு கரீபியன் சாப்பாட்டுக்கடை, ஓனர் டெலி பழைய பாக்ஸர், மகன் ஆஷ்லி தப்பான வழில போயிடக்கூடாதுன்னு தவிக்கிற மனுஷன். ஆனா மிரட்டி காசு வசூல் பண்ற டிக்கர் அந்த கடைக்கே வந்து உக்காந்திருப்பான், பையன் கண்ணு பூரா அவன் மேலதான். நேர்மையா உழைக்கிற அப்பா கையாலாகாதவரா தெரியறார், கையில காசு புரள்றவன் ஹீரோவா தெரியறான். ஒரே ஒரு கடைக்குள்ள மொத்த ஊரோட பிரச்சனையும் வந்துடுது பாருங்க, அங்கதான் அந்த எழுத்தோட பலம் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

2005ல அது லண்டனோட பெரிய தியேட்டர்கள் இருக்கற வெஸ்ட் எண்ட் பகுதில காரிக் தியேட்டருக்கு போனப்போ டெலியா நடிச்சது அவரே! எழுதறதுக்காக நடிப்ப விடணும்னு யாராவது சொன்னா இத சொல்லுங்க. அப்புறம் 'ஃபிக்ஸ் அப்', 'ஸ்டேட்மெண்ட் ஆஃப் ரிக்ரெட்'னு அடுத்தடுத்து அதே நேஷனல்ல, 2011ல அமெரிக்காவுல பால்டிமோர் சென்டர் ஸ்டேஜ் தியேட்டருக்கு கலை இயக்குநர் (சினிமாவுல செட் போடறவர் இல்ல, என்ன நாடகம் போடறதுன்னு முடிவு பண்ற தலைமைப் பொறுப்பு), 2018ல இருந்து 2024 வரை லண்டன் யங் விக் தியேட்டர்ல அதே பொறுப்பு.

'எல்மினாஸ் கிச்சன்' புத்தகமாவே கிடைக்குது, வாங்கி முதல் காட்சிய சத்தமா படிச்சு பாருங்க. ஒவ்வொரு கேரக்டருக்கும் அந்த நிமிஷத்துல என்ன வேணும்னு ஓரத்துல குறிச்சுக்கிட்டே வாங்க, கேமரா முன்னாடி நின்னு பழகின உங்களுக்கு அது மத்தவங்கள விட சீக்கிரமே பிடிபடும். அப்புறம் உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரே ஒரு இடத்த எடுத்து, மூணு பேர உள்ள விட்டு எழுத ஆரம்பிங்க.