கோரிப்பாளையம் மாடி சென்சார்: விடியற்காலை எண்ணை நம்பவேண்டாம்

அண்ணே, உங்கள் மாடியில் வைத்த காற்றுமாசு சென்சாரில், வண்டி ஓடாத விடியற்காலையில் பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குச் சிறியதுமான நுண்துகள் அளவு) ஏறுகிறது, சிக்னலில் பஸ் நெரியும்போது இறங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். கருவி கெட்டிருக்க வேண்டியதில்லை. அது துகளை எடைபோடுவதில்லை, லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கணக்கிடுகிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும், எண்ணும் கூடவே ஏறும். காற்று அசையாததால் புகை கொஞ்சம் தேங்குவதும் உண்மைதான். அப்புறம், டீசல் புகைத்துகள் எண்ணிக்கையில் பெரும்பாலும் 0.1 மைக்ரானுக்கும் சிறியது, இந்தச் சென்சாருக்கோ 0.3க்குக் கீழே சரியாகத் தெரியாது. அதனால் எண் குறைகிறதே என்று நெரிசல் நேரத்தில் ஜன்னலைத் திறக்காதீர்கள், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்கிறீர்கள். ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதிவுசெய்து, ஈரம் கூடிய மணிநேரங்களைத் தனியாகக் குறித்துவைத்துவிட்டு, 24 மணி நேரச் சராசரியை நம் நாட்டு வரம்பான கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமோடு ஒப்பிடுங்கள்.