பழைய போர் விமானங்கள் – ஒரு கடிதம்

வணக்கம் அய்யா,

காசியில் கிடந்து திரும்பப் பறந்த ஹரிக்கேன் விமானத்தைப் பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஃபவுண்டரியில் மோல்டராக இருந்தவர். எனக்கு ஒரு விஷயம் ஒப்பவில்லை. இறக்கையில் பாதி புதுசு, துணி புதுசு, எஞ்சினிலும் எத்தனையோ புதுசு என்றால் அது எப்படிங்க பழைய விமானம் ஆகும்? அத்தனை பணத்தைக் கொட்டி, ஒரு ஆள் உயிரையும் பணயம் வைத்துப் பறக்கவிட வேண்டுமா? துடைத்து மியூசியத்தில் நிறுத்தினால் போதாதா? அதுவும் ஆளைக் கொல்லச் செய்த சாமான். நமக்கும் அதற்கும் என்னங்க சம்பந்தம்?

ஆர்.,
கணபதி, கோவை

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்க நம் கோவையிலேயே ஒரு பணிமனை வைத்திருந்தது. அவர்கள் வழக்கப்படி தரையிலிருக்கும் தளத்துக்கும் கப்பல் பெயர்தான்: எச்.எம்.எஸ். கருடா. சூலூர் தளத்துக்கு எச்.எம்.எஸ். வைரி என்று பெயர். ஆக, போர் விமானத்தைப் பிரித்துப் பூட்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

கான்பூர் கதை இன்னும் பெரிது. பிரிட்டிஷ் விமானப்படை போகும்போது அங்கிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை யாருக்கும் உதவாதபடி நொறுக்கிவிட்டுப் போனது. பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை அவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தேற்றிப் பறக்க வைத்தது. நம் விமானப்படை 1968 வரை அவற்றை ஓட்டியது. குப்பையிலிருந்து விமானத்தை எழுப்புவது வெள்ளைக்காரப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இனி ஹரிக்கேன். ஆர்4118 என்ற அந்த விமானம் 1940-ல் லண்டன் பக்கத்திலிருந்த கிராய்டனிலிருந்து 49 முறை போருக்குக் கிளம்பியது. பிறகு பயிற்சி விமானமாக இந்தியா வந்து, 1947-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்கான பாடப் பொருளாகி, திறந்தவெளியில் கிடந்தது. பீட்டர் வாச்சர் (Peter Vacher) என்ற ஆங்கிலேயர் 1982-ல் அதைப் பார்த்தார். 2001-ல்தான் எடுத்துப் போக முடிந்தது. 2004 டிசம்பர் 23-ல் அது மறுபடி பறந்தது.

மியூசியத்தில் நிறுத்துவதென்றால் துரு தட்டி, பெயின்ட் அடித்தால் போதும். உள்ளே எலும்பு எப்படி இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. பறக்க வேண்டும் என்றால் கதை வேறு. ஹரிக்கேன் இறக்கையின் நடுப்பகுதியைத் தாங்கும் உத்திரம் சாதாரணக் குழாய் இல்லை. வலுவான எஃகுத் தகட்டை உருட்டிப் பன்னிரண்டு பட்டை போட்ட குழாயாக்கி, ஒன்றுக்குள் ஒன்று நுழைத்திருப்பார்கள். அதை உருட்டப் பழைய உருளைகள் இல்லாததால், சீரமைத்தவர்கள் உருளைகளையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. எனக்கு அந்த விமானத்தைவிட இந்த உருளைகள்தான் பெரிது. பறக்கவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் யார் அவற்றைச் செய்திருப்பார்கள்?

தகடுகளைச் சேர்த்துப் பூட்டும் ரிவிட் ஆணியையே எடுத்துக்கொள்ளுங்கள். சில அலுமினியக் கலவை ரிவிட்டுகளைச் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்தால் கொஞ்ச நேரம் மென்மையாக இருக்கும். வெளியே வைத்தால் தானாகவே இறுகிவிடும், அடித்தால் விரிசல் விடும். அதனால் இட்லி மாவு புளிக்காமல் வைக்கிற மாதிரி ஃப்ரிட்ஜில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து அடிக்கிறார்கள். வெளியே ஒருவர் ரிவிட் அடிக்கும் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே பிடிப்பவரின் கை ஒரு பக்கம் சாய்ந்தால் ரிவிட் கோணிவிடும். இதை எந்தப் புத்தகத்தைப் படித்தும் பழக முடியாது.

சின்ன வயதில் ஆவாரம்பாளையத்தில் வார்ப்புக்கு மர மாதிரி செதுக்கும் என் மாமாவின் பேட்டர்ன் பட்டறையில் ஒரு ஸ்கேலை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தேன். என் பள்ளிக்கூட ஸ்கேலோடு சேர்த்துவைத்தால் கோடுகள் ஒத்துப்போகவில்லை. தப்பான ஸ்கேல் என்று மாமாவிடம் சொன்னேன். "அது வார்ப்பு ஆறுனா சுருங்கற கணக்குக் கண்ணு" என்றார். வார்ப்பிரும்புக்கு மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் வாக்கில், அலுமினியத்துக்குப் பதிமூன்று வாக்கில் கூட்டி, கோடு போட்ட ஸ்கேல் அது. ஹரிக்கேனில் இருக்கும் மெர்லின் எஞ்சினின் பெரிய உறுப்புகள் அலுமினிய வார்ப்புகள். ஒன்று தேறாமல் போய், மாற்றும் கிடைக்காவிட்டால், அப்படியொரு ஸ்கேலோடுதான் ஒருவர் மறுபடி மரத்தைச் செதுக்க உட்கார வேண்டும். இது உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

சரி, எல்லாம் மாறினால் அது அதேதானா? அவிநாசித் தேருக்கு அச்சும் சக்கரமும் மாற்றினாலும் நமக்கு அது அவிநாசித் தேர்தான். விமானத்தின் மேல் போர்த்திய துணியைப் போர்க்காலத்திலேயே கிழியக் கிழிய மாற்றினார்கள். ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. பழைய பெயர்ப்பலகையையும் நாலு துண்டு தகட்டையும் வைத்துக்கொண்டு முழு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தையும் புதிதாகக் கட்டுகிறவர்களும் உண்டு. எது பழையது, எது புதியது என்று பகுதி பகுதியாக எழுதிவைத்துவிட்டால் அதில் எனக்குக் குறையில்லை. மறைத்தால் அது ஏமாற்று. ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் அதைத் தொடவே கூடாது. அங்கே நான் உங்கள் கட்சி.

உயிர்ப் பயமும் வீண் பயமில்லை. 2022 நவம்பரில் டல்லாஸில் ஒரு கிங்கோப்ரா போர் விமானம் பி-17 குண்டுவீச்சு விமானத்தில் மோதி ஆறு பேர் இறந்தார்கள். 2024 மே மாதம் இங்கிலாந்தில் கானிங்ஸ்பி அருகே ஒரு ஸ்பிட்ஃபயர் விழுந்து விமானி இறந்தார். கூட்டத்துக்காகப் பல விமானங்களை நெருக்கமாக விட்டு வேடிக்கை காட்டுவதை நான் ஏற்கவில்லை. தனியாக, நல்ல வெயிலில், நிதானமாகப் பறக்கட்டும். அதிலும் ஆபத்து உண்டு, தெரிந்துதான் சொல்கிறேன்.

கொல்லச் செய்த சாமான் என்பதும் உண்மை. 1944-ல் இம்பாலில் நம் விமானப்படையின் அர்ஜன் சிங் தலைமையில் நம் ஆட்கள் ஓட்டியதும் ஹரிக்கேன்தான். அந்த வரலாற்றை அதன் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும், வீரத்தை மட்டுமல்ல, செத்தவர்களையும் சேர்த்து.

அப்பா நலமாக இருக்கிறாரா? அலுமினியம் ஊற்றப் பதமாகிவிட்டது என்று கண்ணால் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பார் என்று அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள ஆசை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவுதானே, வரட்டுமா?

அன்புடன்.